புடவைப் படம் ஊர் போய்ச் சேர்ந்த கதை

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, மாலை ஆறரை மணி. தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடை. அரக்கு நிறத்தில் பச்சை பார்டர் போட்ட புடவை ஒன்றை விற்பனைப் பெண் தன் தோளில் போட்டுக் காட்டுகிறார். வாங்க வந்தவள் போனை உயர்த்தி ஒரு படம் எடுக்கிறாள். படம் போய்ச் சேர வேண்டிய இடம் அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூர். அங்கே அம்மா பார்த்துச் சரி என்றால்தான் இங்கே பில் போட முடியும். அந்தப் பெண்ணும் புடவையும் என் கற்பனை. படம் போகிற வழியில் கற்பனை ஏதும் இல்லை. பண்டிகை நாட்களில் இப்படி எத்தனையோ படங்கள் அந்தத் தெருவிலிருந்து ஊர்களுக்குக் கிளம்புகின்றன; கிளம்ப முடியாமல் நிற்பவையும் உண்டு.

பிறக்கும்போது இந்தப் படம் நல்ல கனம். 12 மெகாபிக்சல் கேமரா என்றால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வைத்தால் 36 எம்பி. போனே அதை அமுக்கி மூன்று, நான்கு எம்பி ஜேபெக் கோப்பாக்கிவிடுகிறது. அனுப்பும் பொத்தானைத் தொட்டதும் வாட்ஸ்அப் தன் பங்குக்கு இன்னொரு முறை அமுக்குகிறது. கடைசியில் மிஞ்சுவது 150, 200 கேபி.

இந்த அமுக்கலுக்கு அடிப்படையான கணக்கு 1974 ஜனவரியில் வெளியான ஒரு சிறு ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. எழுதியவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் என்ற மூவர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அவர்கள் கணக்கை வைத்து 1992இல் வந்த ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டுகிறது. கட்டத்துக்குள் மெதுவாக மாறும் நிழலை வைத்துக்கொள்கிறது; சட்சட்டென்று மாறும் நுணுக்கத்தைக் கழித்துவிடுகிறது. வெளிச்ச வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு நிற வேறுபாட்டை நம் கண் கண்டுபிடிக்காது என்பதால், நிறத் தகவலை இன்னும் தாராளமாக வெட்டுகிறது. முகத்துக்கும் மலைக்கும் இதனால் பெரிய பாதகம் இல்லை. ஜரிகைக்குத்தான் பாதகம். பார்டரில் ஓடும் மெல்லிய இழைகள் ஒன்றோடு ஒன்று குழைந்து மஞ்சள் பட்டையாகிவிடும். அரக்கும் பச்சையும் சேரும் ஓரம் கொஞ்சம் கலங்கும். “போன்ல பார்த்தது வேற கலரு, நேர்ல வேற கலரு” என்று பண்டிகை முடிந்தபின் வீடுகளில் நடக்கும் விசாரணையில் கடை விளக்குக்கு ஒரு பங்கு என்றால், இந்தக் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

அமுக்கிய படத்தைச் செயலி பூட்டுகிறது. 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பில் எல்லாச் செய்திகளுக்கும் இந்தப் பூட்டு உண்டு. சாவி அனுப்புகிறவரிடமும் பெறுகிறவரிடமும் மட்டும். பூட்டியதைச் சுமார் நூறு பொட்டலங்களாக நறுக்குகிறது. ஒவ்வொன்றும் 1,500 பைட்டுக்குள். படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கடிகாரம் தோன்றுகிறது. அந்தக் கடிகாரம் இருக்கும்வரை படம் வாட்ஸ்அப்பின் சர்வருக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

கடிகாரம் போகவில்லை. கடைக்குள் “டவர் இல்ல” என்று நினைத்து அவள் வாசலுக்கு வருகிறாள். வாசலில் போன் மேலே 5ஜி என்று எழுதி, நான்கு கோடும் நிறையக் காட்டுகிறது. படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. “சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட்டுதான் வரல” என்கிறாள். சென்னையில் தினமும் கேட்கும் வாக்கியம். இந்த வாக்கியத்தில் தவறே இல்லை. நெரிசல் தெருவின் முழுக் கதையும் இதற்குள் இருக்கிறது.

ரங்கநாதன் தெரு அரை கிலோமீட்டர்கூட இல்லாத தெரு. மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்குகிற கூட்டத்தை உஸ்மான் சாலையில் கொண்டுபோய்க் கொட்டும். இருபுறமும் மாடி மாடியாகக் கடைகள், நடுவே தள்ளுவண்டிகள், மேலே விளம்பரப் பலகைகள். 2023 மே மாதம் மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம்வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். அதனால் நடக்கிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. அவர்கள் பைகளில் இருக்கும் போன்களுக்கு அப்படி ஒரு பாதையை யாரும் திறக்கவில்லை.

போன் தானாக எதையும் அனுப்பிவிட முடியாது. டவரிடம் முறை கேட்க வேண்டும். சும்மா இருந்த போன், முதலில் தான் இருப்பதை டவருக்குத் தெரிவிக்கக் குறுகிய ஓசை ஒன்றை எழுப்புகிறது. 4ஜியில் அப்படி எழுப்பத்தக்க ஓசைகள் ஒரு டவர்ப் பகுதிக்கு 64தான். போன் அவற்றுள் ஏதோ ஒன்றைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்கும். ஊர்ப்புறத்தில் இது தாராளம். தீபாவளிக் கூட்டத்தில் அதே கணத்தில் அதே ஓசையை இன்னொரு போனும் எழுப்பினால் இரண்டும் மோதும். மோதிய போன்கள் சற்று விலகி, ஏதோ ஒரு கால அளவு காத்திருந்து, மறுபடி முயலும். யூபிஐயில் நாற்பது ரூபாய் கட்ட நிற்பவரும், ரீல்ஸ் தள்ளிக்கொண்டு வாசலில் காத்திருக்கும் கணவரும், கூட்டத்தில் தொலைந்த தங்கச்சியைக் கூப்பிடுகிற அண்ணனும் அந்த 64க்குள்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

டவர் காதில் விழுந்துவிட்டால் அடுத்தது பங்கீடு. இதைக் கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொண்டால் புரியும். போனில் தெரியும் நான்கு கோடு, உங்கள் முன்னால் இலை போட்டாயிற்று என்பதற்கான அடையாளம். சோறு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று இலை சொல்லாது. பந்தி பரிமாறுகிறவர் ஒரே ஆள், வாளியும் ஒன்று. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 4ஜி டவர் 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள நூறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு மில்லி நொடியும் எந்தத் துண்டு யாருக்கு என்று புதிதாக முடிவெடுக்கிறது. நொடிக்கு ஆயிரம் முறை பரிமாறல். பத்துப் பேர் உட்கார்ந்தால் இலை நிறையும். ஐந்நூறு பேர் உட்கார்ந்தால்?

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். நெருக்கமான நகரச் சூழலில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் உள்ள ஒரு டவர்ப் பகுதி, கீழிறக்கத்தில் சராசரியாக 30, 40 எம்பிபிஎஸ் தந்தால் நல்ல பெயர். அதை ஒரே நேரத்தில் நூறு பேர் கேட்டால் ஆளுக்கு 0.3, 0.4 எம்பிபிஎஸ். ரங்கநாதன் தெருவின் ஒரு முனையில் மட்டும் நூறு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். கம்பெனிக்கு ஒரு டவர், டவருக்கு மூன்று திசை, திசைக்கு இரண்டு மூன்று அலைவரிசை என்று எவ்வளவு பெருக்கினாலும் கூட்டம் அதைவிட வேகமாகப் பெருகுகிறது.

டவர்களைக் கூட்டிக்கொண்டே போனால் தீராதா என்று கேட்கலாம். அந்த யோசனை பழையது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் எழுதிய உள்குறிப்பில்தான், ஊரைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் பயன்படுத்திய அலைவரிசையைத் தள்ளியிருக்கும் இன்னொரு பகுதியில் மறுபடி பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வருகிறது. உலகின் எல்லாக் கைபேசி வலையும் அந்தக் குறிப்பின் வாரிசு. ஆனால் இன்றைய 4ஜியிலும் 5ஜியிலும் பக்கத்துப் பக்கத்து டவர்கள்கூட ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. அலைவரிசை அவ்வளவு விலை. டவர்கள் நெருங்க நெருங்க, ஒன்றின் பேச்சு மற்றதற்கு இரைச்சல். இரைச்சல் கூடினால் அதே அகலத்தில் கொண்டுபோகக்கூடிய தகவல் குறையும் என்று 1948இல் கிளாட் ஷானன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அந்தக் கணக்கை யாராலும் ஏமாற்ற முடியவில்லை. நான்கு கோடு நிறைந்திருக்கும் இடத்தில், மூன்று டவர்களின் அலை ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எதுவும் தெளிவாகக் கேட்காமல் போவதும் நடக்கிறது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் மேலிருந்து கீழே வரும் வழி. நம் படம் கீழிருந்து மேலே போக வேண்டியது. அது இன்னும் ஏழை வழி.

டவர் பத்துக்கணக்கான வாட் சக்தியில் பேசும். போனின் உச்சபட்சக் குரல் பொதுவாக 200 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. பேட்டரியையும் நம் உடம்பையும் நினைத்து வைத்த எல்லை அது. டவர் சொல்வது போனுக்குக் கேட்கும், போன் சொல்வது டவருக்குக் கேட்காது என்ற நிலை இதனால் வருகிறது. கோடுகள் காட்டுவது டவரின் குரலைத்தான். நம் குரலின் வலிமையை எந்தப் போனும் கோடு போட்டுக் காட்டுவதில்லை. அடுத்து, ஒரே அலைவரிசையில் நேரத்தைப் பிரித்துக்கொண்டு இரு வழியும் ஓடும் முறையில், ஐந்து பங்கு நேரத்தில் சுமார் ஒரு பங்குதான் மேலே அனுப்பக் கிடைக்கும். மக்கள் படம் பார்ப்பார்கள், படம் அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்துப் போட்ட பங்கு. அது பொதுவாகச் சரி. பண்டிகைத் தெருவுக்குச் சரியில்லை. அங்கே ஆளாளுக்குப் புடவையும் சட்டையும் நகையும் படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். வீடியோ காலில் பாட்டிக்குக் கடையையே சுற்றிக் காட்டுகிறார்கள்.

இத்தோடு கூட்டத்தின் உடம்பும் சேர்கிறது. மனித உடம்பில் பெரும்பகுதி நீர். இரண்டு, மூன்று ஜிகாஹெர்ட்ஸ் அலைகளை அது நன்றாக உறிஞ்சும். போனை மார்போடு அணைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் இருபது பேர் ஒட்டி நிற்கும்போது, அந்த 200 மில்லிவாட்டில் டவர் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு? கையை உயர்த்தி போனைத் தலைக்கு மேலே பிடிக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம், அது வேலை செய்யும்.

நூறு பொட்டலங்களில் சில வழியில் கெடுகின்றன. சிலவற்றை டவர் உடனே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதிலும் தப்பியவை தொலைகின்றன. பொட்டலம் தொலைந்தால் இணையம் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். இந்தப் பழக்கத்துக்கு ஒரு பிறந்த கதை உண்டு. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இணைய வேகம் நொடிக்கு 32 ஆயிரம் பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. இரண்டு இடத்துக்கும் தூரம் 400 கஜம். ஏறக்குறைய ரங்கநாதன் தெரு அளவு. தொலைந்ததை எல்லாரும் அவசரமாகத் திரும்பத் திரும்ப அனுப்பியதில் வழி அடைத்துப்போனது. வேன் ஜேக்கப்சன் என்பவர் அதைத் தோண்டிப் பார்த்து, தொலைந்தால் வேகத்தைக் குறை, சேர்ந்தால் மெல்லக் கூட்டு என்ற விதியை 1988இல் எழுதினார். இணையம் இன்றும் உயிரோடு இருப்பது அந்த அடக்கத்தால். ஆனால் அவர் விதி கம்பி வழிக்கு எழுதியது. காற்றில் பொட்டலம் தொலைவது நெரிசலால் மட்டும் இல்லை. குறுக்கே ஒரு மூட்டை தூக்குபவர் போனாலும் தொலையும். அதற்கும் சேர்த்து வேகம் குறைந்தால்? பிந்தைய விதிகள் இதைக் கொஞ்சம் சரிசெய்திருக்கின்றன, முழுதாக இல்லை.

இவ்வளவு தடையில் நம் படத்துக்கு நொடிக்கு 50 கிலோபிட் வேகம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 150 கேபி என்பது 1,200 கிலோபிட். 24 நொடி. அதற்குள் விற்பனைப் பெண் அடுத்த ஆளுக்கு அடுத்த புடவையை விரித்துவிடுவார்.

இங்கே ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. 2001 கடைசியில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் கம்பியில்லா இணைய மையங்கள் வந்தன. ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற முறை அது. எம்ஐடி, ஹார்வர்டு ஆட்களும் அந்தத் திட்டத்தில் இருந்தார்கள். கூரை மேல் ஆன்டெனா, எதிரே தடையில்லாமல் டவர் தெரிந்தால் பத்து கிலோமீட்டர்வரை எட்டும். இணையம் 35 அல்லது 70 கிலோபிட். அன்று அந்த மையத்திலிருந்து இதே 150 கேபியை 35 கிலோபிட்டில் அனுப்பியிருந்தால் 34 நொடி ஆகியிருக்கும். 70 கிடைத்திருந்தால் 17. இருபது ஆண்டுகளுக்கும் மேலான வளர்ச்சி, மூன்று தலைமுறைத் தொழில்நுட்பம், எல்லாம் கடந்து தி.நகர் வாசலில் நிற்கும் 5ஜி போன், மேலூர்க் கிராமத்துப் பழைய பெட்டியோடு தோளுக்குத் தோள் நிற்கிறது. வேகம் வளரவில்லை என்று சொல்லவரவில்லை. அன்று மையத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார், இன்று தெருவே உட்கார்ந்திருக்கிறது.

கடிகாரம் மறைந்து ஒற்றை டிக் விழுகிறது. படம் தெருவைத் தாண்டிவிட்டது. தெருவுக்கு அப்பால் அது போகும் வழி அகலம்.

டவரிலிருந்து கம்பியிழையில், அது இல்லாத இடத்தில் வெள்ளை வட்டத் தட்டுகள் வழியே மைக்ரோவேவில், படம் கம்பெனியின் மையத்துக்குப் போகிறது. டவர்களுக்குக் கம்பியிழை இழுப்பதில் நாம் பின்தங்கித்தான் இருக்கிறோம். 2019 டிசம்பரில் தொடங்கிய தேசிய பிராட்பேண்ட் இயக்கம், கம்பியிழை உள்ள டவர்களை 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக்குவதை இலக்காக வைத்தது. மையம் சேர்ந்த படம் அங்கிருந்து வாட்ஸ்அப்பின் சர்வருக்குப் போகிறது. அது நாட்டுக்குள்ளேயே இறங்கலாம். சென்னைக் கரையிலிருந்து கிளம்பும் கடலடி கேபிளில் சிங்கப்பூர்வரை போயும் திரும்பலாம். 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பதித்த ஐ-டு-ஐ கேபிளின் நீளம் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, கடலைக் கடக்க 16 மில்லி நொடி. சென்னையிலிருந்து கீழப்பழுவூர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஒன்றரை மில்லி நொடி. இடையில் நிற்கும் கருவிகளின் தாமதத்தைச் சேர்த்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தைத் தாண்டாது. கடலை ஒருமுறை கடக்கும் நேரத்தைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் தெருவைக் கடக்க ஆகியிருக்கிறது.

சென்னையிலிருந்து தெற்கே நெடுஞ்சாலை ஓரமாகவும், விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி போகும் ரயில் பாதை ஓரமாகவும் கம்பியிழைகள் ஓடுகின்றன. அவற்றின் பெரிய எதிரி ஜேசிபி. சாலை அகலப்படுத்த, குடிநீர்க் குழாய் போட எங்கே தோண்டினாலும் முதலில் அறுவது அந்தக் கேபிள்தான். படம் அறுபடாத வழி ஒன்றைப் பிடித்து வந்து சேர்கிறது.

கீழப்பழுவூர், அரியலூரிலிருந்து தஞ்சை போகும் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர். திருச்சி–சிதம்பரம் நெடுஞ்சாலை அங்கே குறுக்கிடுகிறது. கல்கியைப் படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர் ஊர். தேவாரம் படித்தவர்களுக்குச் சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் உள்ள ஊர். சாலையில் நிற்கிறவருக்கு அது சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் டேங்கரும் போகிற நாற்சந்தி. “சிமெண்டுத் தூசியாலதான் டவர் எடுக்கல” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கைபேசி அலைகளுக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை. பொருட்டாக இருப்பவை தூரமும், கான்கிரீட் கூரையும், மின்வெட்டில் டவரின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும்.

படம் வந்ததும் முதல் சிக்கல், அம்மாவின் போன் எங்கே இருக்கிறது? சும்மா இருக்கும் போன் எந்த டவரின் கீழ் இருக்கிறது என்று வலைக்குத் துல்லியமாகத் தெரியாது. எந்த வட்டாரத்தில் என்று மட்டும் தெரியும். அதனால் அந்த வட்டாரத்துப் பல டவர்களும் ஒரே சமயத்தில் அந்தப் போனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன. கீழப்பழுவூரில், அடுப்படி மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடக்கும் போன் பதில் சொல்கிறது. அங்கே இரண்டு கோடுதான் காட்டுகிறது. சில நேரம் ஒன்று.

அந்த இரண்டு கோட்டைக் கொண்டுவரும் அலை பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரைக் கடக்கும். இவற்றில் 700க்கு ஒரு தனிச் சரித்திரம். 2016 ஏலத்தில் அரசு அதை வைத்தது. விலை கேட்டு ஒருவரும் தொடவில்லை. 2021இலும் விற்கவில்லை. 2022 ஏலத்தில் ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. அந்த ஏலத்தில் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து 1,50,173 கோடி ரூபாய்க்கு அலைவரிசை வாங்கின. ஊர்ப்புறத்துக்கு உயிரான அலை, இரண்டு ஏலம் சும்மா கிடந்த கதை அது. நகரத்துக்கு வாங்கியவை 3,300 மெகாஹெர்ட்ஸும் 26 ஜிகாஹெர்ட்ஸும். அகலம் தாராளம், எட்டும் தூரம் குறைவு. 26 ஜிகாவை ஒரு சுவர் நிறுத்திவிடும், உள்ளங்கைகூட மறைக்கும்.

கீழப்பழுவூரில் அந்த நேரத்தில் டவரைக் கேட்பவர்கள் சிலர்தான். இரண்டு கோடு போன், தன் முறைக்கு அதிகம் காத்திருக்கவில்லை. முதலில் மங்கலாக ஒரு சின்னப் படம். செய்தியோடு ஒட்டிவருவது அது. தி.நகரில் அப்போதே இரண்டாவது டிக் விழுந்துவிடுகிறது. பிறகு சர்வரிலிருந்து முழுப் படமும் இறங்குகிறது. 2 எம்பிபிஎஸ் கிடைத்தாலே அரை நொடிச் சொச்சம். சாவி போட்டுத் திறக்கிறது.

“பச்ச கொஞ்சம் தூக்கலா இருக்கே, தங்கம். வேற காட்டச் சொல்லு” என்று குரல் பதிவில் பதில் வருகிறது. வேறு படம். மறுபடி கடிகாரம்.

இந்த நெரிசலைத் தீர்க்க வழி இல்லாமல் இல்லை. 3,300 மெகாஹெர்ட்ஸ் டவரில் 64 ஆன்டெனாக்களை ஒரே பலகையில் அடுக்கி, ஒரே அலைவரிசையை ஒரே நேரத்தில் பலருக்குத் தனித்தனிக் கற்றையாக அனுப்ப முடிகிறது. பந்தியில் பரிமாறுகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று சொல்லலாம். எல்லார் கையிலும் 5ஜி போன் இருந்தால்தான் அதன் பலன். இல்லாதவர்கள் பழைய வாளியிலேயே நிற்கிறார்கள். போன் கொஞ்சம் கடைக்குள் போய்விட்டால், மேலே போகும் அதன் 200 மில்லிவாட் அந்த உயர்ந்த அலைவரிசையில் டவரை எட்டாமல், பழைய 4ஜிக்கே இறங்கிவிடுவதும் உண்டு.

இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது தெருவிளக்குக் கம்பத்தில் மாட்டும் சின்ன டவர்கள். சக்தி குறைவு, ஐம்பது நூறு மீட்டர்தான் எட்டும். அதுதான் வேண்டியதும்: பக்கத்தில் இருக்கும் டவருக்குப் போனின் சின்னக் குரலும் கேட்கும், அடுத்த தெருவுக்கு இரைச்சலும் போகாது. மத்திய அரசு 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தி, விளக்குக் கம்பம் போன்றவற்றில் இவற்றை மாட்ட நகரத்தில் ஆண்டுக்கு 300 ரூபாய், கிராமத்தில் 150 ரூபாய் என்று வாடகையைக் குறைத்துவிட்டது. ஆக வாடகை ஒரு தடையில்லை. கம்பத்துக்கு மின்சாரம், கம்பியிழை, அனுமதி மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். ஒரு தெருவில் நாலு துறை சேர்ந்து தோண்டுவது நம் ஊரில் எவ்வளவு சுலபம் என்று சொல்ல வேண்டியதில்லை. ரங்கநாதன் தெருவைப்போல வியாபாரம் நடக்கும் தெருவுக்கு அதைச் செய்யாமல் வேறு எதற்குச் செய்வது?

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2004 கொள்கையில் பிராட்பேண்ட் என்றால் 256 கேபிபிஎஸ். 2012 தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை 2015க்குள் 2 எம்பிபிஎஸ் ஆக்குவோம் என்றது. 2013இல் 512 கேபிபிஎஸ் ஆனது. 2 எம்பிபிஎஸ் வந்தது 2023 ஜனவரியில். தாமதத்தை மன்னித்துவிடலாம். அந்த 2 எம்பிபிஎஸ்ஸும் கீழிறக்க வேகம் மட்டும். மேலேற்றத்துக்கு அந்த வரையறையில் எண்ணே இல்லை. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2024 மார்ச்சில் கீழே 100, மேலே 20 எம்பிபிஎஸ் என்று இரண்டையும் சேர்த்து வரையறுத்தது. அது வீட்டுக்கு வரும் நிலையான இணைப்புக்கான அளவு, நம் தெருவுக்கு அதை அப்படியே கேட்பது நியாயமில்லை. மேலேற்றத்துக்கு ஏதாவது ஒரு எண் வேண்டும் என்று கேட்பது நியாயம். எண் இல்லாததை எந்தக் கம்பெனியும் கணக்கில் வைக்காது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், காரில் கருவிகளை வைத்து நகரங்களைச் சுற்றிச் சோதிக்கிறது. நடந்தும், கூட்ட இடங்களில் நின்றும் சோதிக்கிறது. நல்லது. அந்தச் சோதனை தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ஆறரைக்கு ரங்கநாதன் தெருவிலும், அதேபோல மதுரை விளக்குத்தூணிலும், திருச்சி சின்னக்கடைத் தெருவிலும் நடக்க வேண்டும். அங்கே கிடைத்த மேலேற்ற வேகத்தைத் தனியாக வெளியிட வேண்டும். நீங்களும் ஒன்று செய்யலாம். டிராயின் மைஸ்பீட் செயலி 2016லிருந்து இருக்கிறது; இலவசம். பெரும்பாலோர் அதை இரவு வீட்டில் படுத்துக்கொண்டு தட்டிப் பார்க்கிறார்கள். பண்டிகைக் கூட்டத்தில், நெட்டு நிற்கும் இடத்தில், நிற்கும் நேரத்தில் தட்டுங்கள். வரும் எண்களில் மேலேற்ற வேகத்தைப் பார்த்துவிட்டு, முடிவை அவர்களுக்கு அனுப்புங்கள்.